காற்றை வடிகட்டிய மருத்துவர் ஜான் சார்ன்லி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. நுண்ணுயிரியல் மாணவி)

தம் வெற்றிகளை எண்ணிப் பார்த்து மகிழ்ந்தவர்கள் உலகில் பலர். உலகமே பாராட்டிக்கொண்டிருந்த வேளையில் தம் தோல்விகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி ஏட்டில் எழுதி வைத்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு எலும்பு அறுவை மருத்துவர் சர் ஜான் சார்ன்லி. தேய்ந்துபோன இடுப்பு மூட்டை நீக்கிவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்தும் முறையைச் செம்மைப்படுத்தி உலகுக்குத் தந்தவர் என்று அவரைப் பற்றி நூல்கள் கூறுகின்றன. அது உண்மையே. ஆனால் பொருத்திய மூட்டில் சீழ் பிடிக்காமல் காப்பதற்கு அவர் செய்த உழைப்பு ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. நுண்ணுயிரியல் படிக்கும் மாணவி என்ற முறையில் அந்த உழைப்பைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் அவரை அறிந்த கதை

என் அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பாவைப் பெற்ற அப்பத்தா, நினைவு தெரிந்த நாள் முதல் நாற்று நட்டவர். நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு இடுப்பு மூட்டு முற்றிலும் தேய்ந்து, செயற்கை மூட்டு பொருத்தினார்கள். இரண்டு மாதத்தில் கோல் ஊன்றி வாசல் வரை நடந்தார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

நான்காம் மாதத்தில் வலி திரும்பியது. காட்டிய இடத்தில், வயதானால் அப்படித்தான் இருக்கும் என்று கூறி வலி மாத்திரை தந்தார்கள். ஆறு மாதம் அதுவே நடந்தது. ஒருநாள் தையல் தழும்பின் ஓரத்தில் சிறு கொப்புளம் போல் ஒன்று கிளம்பி, அதிலிருந்து நீர் கசிந்தது. வேறொரு மருத்துவமனையில்தான் மூட்டுக்குள் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். சில நாள் கழித்து வந்த தாளை அப்பா என்னிடம் நீட்டினார். அதைப் படிக்கத் தெரிந்தவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். அதில் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்று இருந்தது. அதற்கு முந்திய மாதம்தான், முதலாண்டு ஆய்வகத்தில், எங்கள் விரல் நுனியைத் தட்டில் ஒற்றி வளர்த்து அந்த இனத்தைப் பார்த்திருந்தோம். நம் எல்லாருடைய தோலிலும் யாருக்கும் தீங்கு செய்யாமல் குடியிருக்கும் உயிர் அது.

ஒரு சாதாரணத் தோல் கிருமி எப்படி எலும்பு வரை போனது, போனபின் ஏன் மருந்துக்கு மசியவில்லை என்ற கேள்விகள் என்னை விடவில்லை. விடை தேடி நூலகத்துக்குப் போனபோதுதான் சார்ன்லி என்ற பெயரைச் சந்தித்தேன்.

பிறப்பும் கல்வியும்

ஜான் சார்ன்லி 1911ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள், இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள பரி என்ற ஊரில் பிறந்தார். பருத்தி ஆலைகள் நிறைந்த பகுதி அது. தந்தையார் அவ்வூரில் மருந்துக்கடை நடத்தினார். தாயார் செவிலியர் பயிற்சி பெற்றவர். மருந்தும் நோயாளிகளும் இளமையிலேயே பழக்கமான வீடு அது எனலாம்.

பரி இலக்கணப் பள்ளியில் படித்துவிட்டு 1929ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். இடையில் 1932இல் உடற்கூறும் உடலியலும் படித்துப் பி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1935இல் மருத்துவப் பட்டமும், மறு ஆண்டிலேயே, தம் 25ஆம் வயதுக்குள், அறுவை மருத்துவர்களுக்குரிய உயர் தகுதியான எஃப்.ஆர்.சி.எஸ். பட்டமும் அவருக்குக் கிடைத்தன.

1940இல் இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். டன்கர்க் கடற்கரையிலிருந்து வீரர்களை மீட்ட பணியில் பங்கு கொண்டார். பின்னர் எகிப்தின் கெய்ரோ நகரில், எலும்பு முறிந்த வீரர்களுக்கான கட்டைகளையும் கம்பிச் சட்டங்களையும் செய்யும் பட்டறையில் பணியாற்றினார். மருத்துவரின் கைக்கு அறுவைக் கத்தியோடு திருப்புளியும் அரமும் தேவை என்ற எண்ணம் அங்கேதான் வேரூன்றியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் அவர் பாதி மருத்துவராகவும் பாதிப் பட்டறைக்காரராகவுமே இருந்தார்.

தம் எலும்பில் ஒரு சோதனை

போர் முடிந்தபின், 1946இல் ஆஸ்வெஸ்ட்ரி என்ற ஊரின் எலும்பு மருத்துவமனையில் சிலகாலம் இருந்தார். எலும்பின் மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு, புதிய எலும்பு வளர்வதற்கு எவ்வளவு உதவுகிறது என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. விடை காண அவர் வேறு யாரையும் தேடவில்லை. உடன் பணியாற்றிய ஒருவரை இசையச் செய்து, தம் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலேயே அறுவை செய்துகொண்டார். அந்தப் புண்ணில் தொற்று ஏற்பட்டது. எலும்பில் சீழ் பிடித்து, அவர் மேலும் அறுவைக்கு உட்பட வேண்டியதாயிற்று.

நோய்த் தொற்றை ஒழிக்கப் பின்னாளில் பாடுபட்ட மனிதர், எலும்பில் சீழ் பிடித்தால் எப்படி இருக்கும் என்பதைத் தம் காலிலேயே அறிந்தவர். அவருடைய வாழ்வில் என்னை மிகவும் நிறுத்திய இடம் இதுதான். அப்பத்தா இரவில் முனகும்போது, இந்த வலி மருத்துவர்களுக்குத் தெரியுமா என்று நான் நினைத்ததுண்டு. ஒருவருக்கேனும் தெரிந்திருக்கிறது.

ஒலி எழுப்பிய மூட்டு

1947இல் மான்செஸ்டர் அரச மருத்துவமனையில் மருத்துவ வல்லுநரானார். எலும்பு முறிவுகளை வெட்டித் திறக்காமல் சேர்த்துக் கட்டும் முறைகளைப் பற்றி 1950இல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் பயிலப்பட்டது. ஆயினும் அவர் மனம் இடுப்பு மூட்டின் மேலேயே இருந்தது.

இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் அதில் சுழலும் உருண்டையும் போன்றது. தொடை எலும்பின் தலைதான் அந்த உருண்டை. இரண்டையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது தேய்ந்தால் எலும்பும் எலும்பும் உராயும். அந்நாளில் பிரான்சு நாட்டு ஜூடே சகோதரர்களின் முறைப்படி, உருண்டையை மட்டும் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் செய்து பொருத்திவந்தார்கள். அப்படிப் பொருத்திக்கொண்ட ஒருவர், உணவு மேசையில் முன்னால் சாயும்போதெல்லாம் அவருடைய இடுப்பு கிறீச்சிட்டதாம். மனைவிக்கு அது தாங்க முடியாத தொல்லையாயிற்று. மற்றவர்கள் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகக்கூடிய அந்தச் செய்தி சார்ன்லியைச் சிந்திக்க வைத்தது. ஒலி வருகிறதென்றால் உராய்வு மிகுதி. உராய்வு மிகுந்தால் பொருத்திய மூட்டு தளர்ந்துவிடும். உராய்வைக் குறைப்பதே வழி என்று முடிவு செய்தார்.

மூன்று மாற்றங்களை அவர் செய்தார். கிண்ணத்தை வழுக்கும் பிளாஸ்டிக்கால் அமைத்தார். உருண்டையை உலோகத்தால் செய்து, அதன் குறுக்களவை ஏறக்குறைய 22 மில்லிமீட்டராகச் சிறிதாக்கினார். உருண்டை சிறிதானால் உராய்வின் திருகு விசையும் குறையும். மூன்றாவதாக, அவற்றை எலும்பில் நிறுத்தப் பல் மருத்துவர்கள் பயன்படுத்திவந்த அக்ரிலிக் கலவையைக் கையாண்டார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஸ்மித் என்ற அறிஞரே இதற்கு வழிகாட்டினார். எலும்புச் சிமெண்ட் எனப்படும் அக்கலவை ஒட்டும் பசையன்று. சந்துபொந்துகளில் புகுந்து இறுகி, பாரத்தைப் பரவலாகத் தாங்கும் பூச்சு. இதை நான் விளக்கியபோது அப்பாவுக்கு உடனே புரிந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கலவை செய்வதும் அதே வேலைதானே.

முந்நூறு பேரும் ஒரு பற்சக்கரமும்

விகன் நகருக்கு அருகே ரைட்டிங்டன் என்ற இடத்தில் பழைய காசநோய் மருத்துவமனை ஒன்று இருந்தது. காசநோய்க்கு மருந்துகள் வந்தபின் அதன் படுக்கைகள் காலியாயின. புகழ்மிக்க மான்செஸ்டர் பதவியை விட்டுவிட்டு, 1960களின் தொடக்கத்தில் இடுப்பு மூட்டு அறுவைக்கென்றே ஒரு தனி மையத்தை அங்கே அமைத்தார் சார்ன்லி.

கிண்ணத்துக்கு அவர் முதலில் தேர்ந்தெடுத்த பொருள் டெஃப்லான். 1961இல் தம் முறையை லான்செட் இதழில் வெளியிட்டார். நடக்க முடியாதவர்கள் நடந்தார்கள். ஏறக்குறைய 300 பேருக்கு அம்மூட்டு பொருத்தப்பட்டது. ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் டெஃப்லான் தேய்ந்து, அதன் துகள்களால் மூட்டைச் சுற்றி அழிவு ஏற்பட்டது. பொருத்திய மூட்டுகளை ஒவ்வொன்றாக மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று. துகள்கள்தாம் காரணமா என்று உறுதி செய்ய, டெஃப்லானைத் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். அவ்விடத்தில் கட்டி எழும்பியதைக் கண்டு, அதை 1963இல் மறைக்காமல் எழுதினார். தம் புதிய முறை தோற்றதென்று தாமே உலகுக்கு அறிவித்த நேர்மை இது.

அந்த இருண்ட காலத்தில், 1962ஆம் ஆண்டு மே மாதம், ஒரு விற்பனையாளர் ரைட்டிங்டனுக்கு வந்தார். லங்காஷயர் நெசவுத் தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்படும் பாலிஎதிலீன் வகை ஒன்றை அவர் கொண்டுவந்தார். சார்ன்லி அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் பட்டறையில் பணியாற்றிய ஹாரி கிரேவன் என்ற தொழில்நுட்பர், தலைவர் வெளிநாடு சென்றிருந்தபோது, அதைத் தேய்மானப் பொறியில் ஏற்றி ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட அது மூன்று வாரத்தில் தேயவில்லை. திரும்பி வந்த சார்ன்லி தம் கருத்தைத் தயங்காமல் மாற்றிக்கொண்டார். 1962 நவம்பரில் அப்பொருளால் ஆன முதல் கிண்ணம் பொருத்தப்பட்டது. அதன் வழிவந்த பாலிஎதிலீன் வகைகள் இன்றும் பயன்படுகின்றன.

கண்ணுக்குத் தெரியாத பகை

மூட்டு வென்றது. வேறொருவராயின் அத்துடன் ஓய்ந்திருப்பார். சார்ன்லி தம் ஏடுகளைப் புரட்டினார். தொடக்க ஆண்டுகளில் நூறு பேருக்குச் செயற்கை மூட்டு பொருத்தினால், ஏறக்குறைய ஏழு பேருக்குச் சீழ் பிடித்தது. சிலருக்கு அறுவை முடிந்து ஓராண்டு கழித்துங்கூட நோய் வெளிப்பட்டது. நூற்றுக்கு 93 பேர் நன்றாக இருக்கிறார்களே என்று மகிழ்ந்திருக்கலாம். அவர் அந்த ஏழு பேரையே நினைத்தார்.

அந்த ஏழு பேர் படும் துன்பம் சிறிதன்று. உடலுக்குள் அந்நியப் பொருள் ஒன்று இருந்தால், நோய் உண்டாக்க மிகச் சில கிருமிகளே போதும். 1957இல் எலெக், கோனன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் தன்னார்வலர்களிடம் மெய்ப்பித்திருந்தனர். வெறும் தோலில் சீழ்க் கட்டி உண்டாக்கப் பத்து லட்சக் கணக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமானவையாயின. நூலுக்கே இந்த நிலை என்றால், கையளவு உலோகமும் பிளாஸ்டிக்கும் சிமெண்டும் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டுமா? செயற்கை மூட்டுக்கு இரத்த ஓட்டம் கிடையாது. அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்ட பாக்டீரியாக்கள் பிசினைப் போன்ற உயிரிப்படலத்தைச் சுரந்து அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. வெள்ளணுவாலும் அவற்றை எளிதில் அழிக்க முடியாது, மருந்தாலும் முடியாது. தோலில் சாதுவாக இருந்த எபிடெர்மிடிஸ், அப்பத்தாவின் மூட்டில் கொடியதாக மாறியதன் மருமம் இதுவே.

அக்கிருமிகள் எங்கிருந்து வந்தன? அறுவைக் கருவிகள் கொதிநீராவியில் தூய்மையாக்கப்பட்டவை. நோயாளியின் தோல் மருந்திட்டுத் துடைக்கப்பட்டது. மருத்துவரின் கைகளில் உறை இருந்தது. எஞ்சியது காற்று. நம் உடலிலிருந்து தோல் செதில்கள் ஓயாமல் உதிர்கின்றன. அவற்றில் ஏறி மிதக்கும் பாக்டீரியாக்கள் திறந்த புண்ணில் விழுகின்றன என்பது சார்ன்லியின் முடிவு.

இதைச் சோதிக்க அவர் கையாண்ட வழி நம் ஆய்வகத்தில் நாமே செய்வதுதான். வளர்ப்பு ஊடகம் நிரப்பிய தட்டுகளை அறுவை அரங்கில் திறந்து வைத்து, பின்னர் அவற்றில் முளைத்த கூட்டங்களை எண்ணினார். முதலாண்டில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு தட்டைக் கால் மணி நேரம் மேசையில் திறந்து வைத்து, பின் 37 டிகிரி வெப்பத்தில் வளர்த்தோம். மறுநாள் அதில் 40க்கு மேற்பட்ட புள்ளிகள் பூத்திருந்தன. அன்று அதை விளையாட்டாக எண்ணி ஏட்டில் எழுதினேன். அதே எண்ணிக்கையை ஒருவர் உயிர்காக்கும் கணக்காக எழுதினார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கண்ணாடி அறை

காற்றுதான் பகை என்றால் காற்றைத் தூய்மை செய்ய வேண்டும். போல்டன் நகருக்கு அருகே காற்றை வடிகட்டும் பொறிகளைச் செய்துவந்த ஹோவர்த் என்ற பொறியாளரின் துணையை அவர் நாடினார். அறுவை அரங்குக்குள்ளேயே ஒரு சிறு அறை எழுந்தது. செடிகளை வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தைப் போலிருந்ததால் அதற்கு அப்பெயரே நிலைத்தது. வடிகட்டிய காற்று மேலிருந்து கீழாக ஓயாமல் இறங்கி, மிதக்கும் துகள்களைப் புண்ணருகே அணுகவிடாமல் தள்ளிச் சென்றது. நோயாளியின் தலையும் மயக்க மருந்து தருபவரும் அந்த அறைக்கு வெளியே இருந்தனர். காற்றோட்டத்தின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, மணிக்கு ஏறக்குறைய 300 முறை அறையின் காற்று மாறும்படி செய்தனர்.

அப்படியும் அவர் நிறைவடையவில்லை. அறுவை செய்பவரும் செதில் உதிர்க்கும் மனிதரல்லவா? நோயாளியைக் காப்பவரே நோயைக் கொண்டுவருபவராக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளப் பெரிய மனம் வேண்டும். பருத்தி அங்கியின் இழைச் சந்துகள் வழியே கிருமிகள் வெளியேறுவதைக் கண்டு, நெருக்கமாக நெய்த துணியில் அங்கி தைக்கச் செய்தார். தலை முழுவதையும் மூடும் முகமூடியும், அதற்குள்ளிருக்கும் காற்றை வெளியே உறிஞ்சும் குழாய்களும் அமைத்தார். விண்வெளி வீரரைப் போன்ற அந்தக் கோலத்தைக் கண்டு நகைத்தவர்களும் உண்டு. அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.

1972இல் அவர் கணக்கை வெளியிட்டார். 1960 முதல் 1970 வரை ரைட்டிங்டனில் நடந்த ஏறக்குறைய 5,800 அறுவைகளின் கணக்கு அது. நூற்றுக்கு ஏழு என்ற அளவில் இருந்த தொற்று, நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்திருந்தது. நோய் வருமுன் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளை நம்பாமலே இந்த நிலை எட்டப்பட்டது.

ஒரு மாத இடைவெளி

ஆயினும் ஐயம் எழுப்பியவர்கள் இருந்தனர். காற்றை மட்டுமா மாற்றினார், அங்கியையும் உறையையும் தையலையும் சேர்த்தே மாற்றினாரே. எதனால் நோய் குறைந்தது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டனர். அறிவியல் முறைப்படி அது நியாயமான கேள்வியே. விடை காண பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரிய ஆய்வொன்றை நடத்தியது. லிட்வெல் என்பவர் தலைமையில், பிரிட்டனிலும் ஸ்வீடனிலும் 19 மருத்துவமனைகளில், 8,000க்கு மேற்பட்ட இடுப்பு, முழங்கால் மூட்டு அறுவைகள் ஆராயப்பட்டன. சாதாரண அரங்குகளில் நூற்றுக்கு 1.5 பேருக்கு ஆழ்ந்த தொற்று ஏற்பட்டது. தூய காற்று அரங்குகளில் அது 0.6 ஆக இருந்தது.

முடிவுகள் 1982ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தன. ஆகஸ்டு 5ஆம் நாள் சார்ன்லி மாரடைப்பால் காலமானார். இருபதாண்டு உழைப்புக்குக் கிடைத்த அந்தச் சான்றுக்கும் அவர் மறைவுக்கும் இடையே ஒரு மாதமே இருந்தது.

பெருமைகள் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தன. 1974இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. 1975இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1977இல் சர் பட்டம் வழங்கப்பட்டது. இவற்றைக் காட்டிலும் பெரியதாக எனக்குத் தோன்றுவது ஒன்றுண்டு. தாம் இறந்தபின் தம் இடுப்பு மூட்டை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அவருடைய நோயாளிகள் பலர் எழுதிக் கொடுத்திருந்தனர். தம்மைக் குணப்படுத்தியவர் தம் வேலையைத் தாமே சரிபார்க்கட்டும் என்று அவர்கள் கொடுத்த கொடை அது.

அவருக்குப் பின்

சார்ன்லி சொன்னது அனைத்தும் இறுதி வாக்கு என்று கொள்ள வேண்டியதில்லை. அறுவைக்குச் சற்று முன்பு தரும் ஆன்டிபயாடிக் மருந்து தொற்றைப் பெரிதும் தடுக்கிறது என்பதை லிட்வெல் ஆய்வே காட்டியது. இன்று அம்மருந்து தராமல் மூட்டு அறுவை செய்வதில்லை. மருந்துகள் நிலைபெற்றபின், சிறப்புக் காற்றோட்டத்தால் கூடுதல் பயன் உண்டா என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. நியூசிலாந்து நாட்டு மூட்டுப் பதிவேட்டை ஆராய்ந்து 2011இல் வெளியான கட்டுரை, பயன் இல்லை என்றது. 2016இல் உலக நலவாழ்வு நிறுவனம், மூட்டு அறுவைகளில் தொற்றைக் குறைப்பதற்கென்று அந்த அமைப்பை நாட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. சார்ன்லி இருந்திருந்தால் வருந்தியிருப்பாரா? டெஃப்லானைக் கைவிட்டவர், இந்தப் புதிய கணக்கையும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

தொற்று வந்தபின் குணப்படுத்தும் வழிகளும் வளர்ந்துள்ளன. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் புக்ஹோல்ஸ் என்ற மருத்துவர், எலும்புச் சிமெண்டிலேயே ஜென்டாமைசின் மருந்தைக் கலக்கும் முறையை 1970இல் வெளியிட்டார். பாக்டீரியா ஒட்டும் இடத்திலேயே மருந்து கசியும்படி செய்த நல்ல உத்தி இது. தொற்று தொடங்கிச் சில வாரத்துக்குள் கண்டுபிடித்தால், மூட்டை எடுக்காமலே கழுவிச் சுத்தம் செய்து காப்பாற்றும் வாய்ப்புண்டு. காலம் கடந்தால் மூட்டையே எடுக்க வேண்டும். ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்றில், மூட்டை எடுக்காமல் காக்கும்போது மற்ற மருந்தோடு ரிஃபாம்பிசினைச் சேர்த்துத் தருவது பயன் தரும் என்று 1998இல் சுவிட்சர்லாந்து ஆய்வு காட்டியது. எலும்பு, மூட்டுத் தொற்றுகளுக்கு வாரக்கணக்கில் நரம்பு வழியே மருந்து ஏற்றுவதற்குப் பதிலாக, தக்க மருந்தை வாய்வழியே தந்தாலும் பலன் குறைவதில்லை என்று, 1,054 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2019இல் கூறியது. படுக்கையில் கிடக்கும் நாட்களையும் செலவையும் குறைக்கும் செய்தி இது.

கண்டறியும் முறையிலும் முன்னேற்றம் உண்டு. சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தச் சோதனைகள் முதல் எச்சரிக்கை தருகின்றன. மூட்டு நீரில் வெள்ளணுக்களை எண்ணுவதும், அந்நீரிலிருந்து கிருமியை வளர்ப்பதும் அடுத்த படி. சோதனைக்கு நீர் எடுக்குமுன் ஆன்டிபயாடிக் மருந்தை விழுங்கிவிட்டால் கிருமி வளராமல் போகலாம், நோயும் மறைந்துகொள்ளும். எடுத்த மூட்டை மீயொலி அலைகளால் அதிர வைத்து, உயிரிப்படலத்தை உதிர்த்து, அதிலிருந்து கிருமியை வளர்க்கும் முறையை 2007இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையினர் வெளியிட்டனர். பழைய முறையில் நூற்றுக்கு 61 பேரிடம் பிடிபட்ட தொற்று, இம்முறையில் 79 பேரிடம் பிடிபட்டது.

அப்பத்தாவுக்கு இரண்டு கட்டமாக அறுவை நடந்தது. முதலில் பழைய மூட்டை எடுத்துவிட்டு, மருந்து கலந்த சிமெண்டால் செய்த தற்காலிக மூட்டை வைத்தனர். வாரக்கணக்கில் மருந்து தந்து, தொற்று அடங்கியபின் புதிய மூட்டைப் பொருத்தினர். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. அது இன்னும் திரும்பவில்லை. அப்பத்தா இப்போது கோலூன்றி நடக்கிறார். வயலில் இறங்க முடியாது. வரப்பு வரை போய் நின்று பார்க்கிறார். முதல் வலி வந்த மாதத்திலேயே யாரேனும் ஒருவர் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்திருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். எனவே இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டில் செயற்கை மூட்டு பொருத்திக்கொண்டவர், நன்றாக நடந்தபின் மீண்டும் வலிக்கிறது என்றால், அதை வயதின் மேல் போட்டுவிட வேண்டாம். தழும்பில் நீர் கசிந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

முடிவுரை

சார்ன்லி பொன்னையோ பொருளையோ எண்ணிக்கொண்டிருந்தவர் அல்லர். தட்டில் முளைத்த புள்ளிகளை எண்ணினார். தம் கையால் நலம் பெறாத நோயாளிகளை எண்ணினார். நூற்றுக்கு ஏழு என்பது தேர்வுத் தாளில் சிறிய எண். ஆனால் அந்த ஏழில் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருடைய அப்பத்தா. அப்பத்தாவின் சோதனைத் தாளை வாங்கிப் படித்த நாளில் எனக்குப் புரிந்தது அதுதான்.

நாளை நம்மில் சிலர் ஆய்வகங்களில் அமர்ந்து தட்டுகளை எண்ணப் போகிறோம். அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு மனிதர் படுத்திருக்கிறார் என்ற நினைவோடு எண்ணுவோம். தவறாக வந்த எண்ணை மறைக்காமல் எழுதுவோம். அதுவே அந்த மேதைக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.